பி.டி. சார் பதில்கள்: ஒன்பதுக்கு ஒன்பது தோற்ற பசங்க

போன இதழில் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். கோயமுத்தூருக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கிற கல்லூரி, பெயர் வேண்டாம். இந்த வருஷம் ஆடிய ஒன்பது ஆட்டத்திலும் தோற்றார்கள், தோற்ற பிறகும் காலையில் ஆறு மணிக்கு மைதானத்துக்கு வருகிறார்கள், அவ்வளவுதான் எழுதியது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் முட்டி வலி, தொப்பை, யோகாவை எந்த வேளையில் செய்வது போன்ற வழக்கமான கேள்விகளை எல்லாம் அடுத்த தடவைக்குத் தள்ளிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்டவர்கள் பெயரையும் நானே எடுத்துவிட்டேன். பசங்க அடுத்த வருஷமும் அதே மைதானத்தில் ஆட வேண்டும் அல்லவா.

கே: ஐயா, நீங்க எழுதின அந்த அணியோட கேப்டன் நான்தானுங்க. போட்டது 4 கோல், வாங்கினது 31. டிரா கூட ஒண்ணு இல்லை. கேன்டீன் அண்ணன் கூட எங்களைப் பார்த்தா சிரிக்கிறார். பசங்களை என்ன சொல்லி அடுத்த வருஷத்துக்குக் கூட்டிட்டு வர்றதுன்னு தெரியலைங்க.
- இரண்டாம் ஆண்டு மாணவர், கிணத்துக்கடவு

ப: தம்பி, உங்கள் கடிதத்தில் மொத்தக் கணக்கு மட்டும்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு என்ன சொல்வது? ஆட்டவாரியாக அனுப்புங்கள் என்று கேட்டதும் அன்று ராத்திரியே நோட்டைப் படம் எடுத்து அனுப்பினீர்கள் பாருங்கள், அங்கேயே எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. தோற்ற ஆட்டத்தை, எந்த நிமிஷத்தில் யார் விட்ட பந்து என்பது வரைக்கும் எழுதி வைக்கிற கேப்டனை என் 34 வருஷ வேலையில் நான் இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன்.

மற்ற வாசகர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற ஐந்து கல்லூரிகள் சேர்ந்து, கோப்பை கீப்பை ஒன்றும் வைக்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒவ்வொரு அணியும் மற்ற நாலு அணிகளோடு இரண்டிரண்டு தடவை ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆக எட்டு ஆட்டம். அது போக, பல்கலைக்கழகப் போட்டியில் முதல் சுற்று ஒன்று, மொத்தம் ஒன்பது. முதல் நாலு ஆட்டத்தில் நம் பசங்க வாங்கியது 8, 5, 4, 3 என்று 20 கோல், போட்டது ஒன்றும் இல்லை. அதே நாலு அணிகளோடு இரண்டாவது தடவை ஆடியபோது 1-2, 1-2, 0-1, 2-3. பல்கலைக்கழக ஆட்டத்தில் 0-3.

இப்போது இந்த வரிசையை நீங்களே ஒரு தடவை சத்தமாகப் படித்துப் பாருங்கள். எட்டு கோல் போட்டவனிடம் திரும்பப் போய் 1-2. கேன்டீன் அண்ணனுக்கு இது தெரியாது, அவர் பார்ப்பது ஜெயித்தாயா தோற்றாயா என்பதுதான். ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டாமா?

எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு, இதைச் சாக்கு வைத்துச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கல்லூரி அணிகள் பெரும்பாலானவற்றுக்கு 'சீசன்' என்று ஒன்று கிடையவே கிடையாது. வருஷத்துக்கு ஒரு டோர்னமென்ட், அது நாக்-அவுட், கடைசி நாலு அணிகளுக்கு மட்டும் லீக். அதாவது நன்றாக ஆடுகிறவனுக்கு ஐந்தாறு ஆட்டம் கிடைக்கும், சரியாக ஆடத் தெரியாதவனுக்கு ஒரே ஒரு ஆட்டம்தான். யாருக்கு அதிக ஆட்டம் வேண்டுமோ அவனைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறோம். ஆறு மாதம் பிராக்டிஸ் செய்து, புது ஜெர்சி தைத்து, வேன் பிடித்துப் போய், பதினோரு மணிக்குத் தோற்று, பன்னிரண்டு மணிக்கு வேனில் ஏறுகிற பசங்களை நான் எத்தனையோ வருஷம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். திரும்பி வரும்போது எந்தத் தப்பைத் திருத்துவது, எங்கே திருத்துவது? அடுத்த ஆட்டம் அடுத்த வருஷம்தானே, அதற்குள் பாதிப் பேர் படிப்பு முடிந்து திருப்பூரில் வேலைக்குப் போயிருப்பார்கள். அந்த ஐந்து கல்லூரிகளின் பி.டி.க்கள் செய்தது இதனால்தான் பெரிய காரியம். உங்களுக்கு ஒன்பது தோல்வி கிடைத்திருக்கிறது தம்பி, மற்றவனுக்கு ஒன்றுதான் கிடைக்கிறது.

சரி, குறைக்கு வருகிறேன். நோட்டில் உங்கள் எழுத்துப்படியே, 31 கோலில் 18 கடைசி இருபது நிமிஷத்தில் வாங்கியது. ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்ற நாலு ஆட்டத்தில் மூன்று, கடைசிப் பத்து நிமிஷத்தில் கைவிட்டுப் போனது. ஆட்டம் தெரியாத அணிக்கு ஆரம்பத்திலிருந்தே சீராகக் கோல் விழும். கடைசியில் மட்டும் விழுந்தால் காலில் தெம்பு இல்லை என்று அர்த்தம். ஆட்ட நாளன்று காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு 'டீயும் வர்க்கியும்' என்று பதில் வந்தது. நல்லது. ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து, வெறும் வயிற்றில் வர்க்கியோடு வந்து எழுபது நிமிஷம் ஓடினால் ஐம்பதாவது நிமிஷத்தில் கெண்டைக்கால் பிடிக்காமல் என்ன செய்யும்? ஓடுவதற்குச் சதைக்குள் சேர்த்து வைத்த மாவுச்சத்துதான் எரிகிறது. அது முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்டில்தான் சேரும், காலையில் அவசரமாகத் தின்று சேர்க்க முடியாது. சனிக்கிழமை ராத்திரி வீட்டில் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கச் சொல்லி வயிறாரச் சாப்பிடுங்கள், காலையில் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லியோ இரண்டு வாழைப்பழமோ, இடைவேளையில் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீர். புரோட்டீன் டப்பா எல்லாம் வேண்டாம். அந்தக் காசில் இரண்டு பந்து வாங்கலாம்.

பயிற்சியிலும் ஒரு மாற்றம். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு ஓடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். கால்பந்தில் எவனும் ஒரே வேகத்தில் பத்து ரவுண்டு ஓடுவதில்லை. பாய்வான், நிற்பான், நடப்பான், திரும்பப் பாய்வான். அதனால் ஓட்டத்தையும் அப்படியே உடையுங்கள்: பதினைந்து நொடி முழு வேகம், அடுத்த அரை நிமிஷம் நடை, இப்படிப் பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடியும் பத்து. வாரத்துக்கு இரண்டு நாள் போதும். ஒன்றரை மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

பசங்களிடம் என்ன சொல்வது என்று கேட்டீர்கள். ஒன்றும் சொல்ல வேண்டாம், அந்த நோட்டைக் காட்டுங்கள்.

கே: அந்த அணிக்கு கோலி, அதாவது கோல் கீப்பர், நானுங்க. முதல் ஆட்டத்தில் எட்டு கோல் விட்டவன். இப்ப எல்லாரும் என்னை 'வாசல்'னுதான் கூப்பிடறாங்க. ஃபார்வர்ட் கோல் போடலைன்னா யாரும் கேக்கறதில்லை, எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி?
- கோபிசெட்டிபாளையம் மாணவர்

ப: நானும் கோலிதான் தம்பி, கல்லூரியில் மூன்று வருஷம். அதனால் 'எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் சொல்லப் போவதில்லை, ஆகாது. கோலியைத் திட்டுவது நின்றதாகச் சரித்திரமே கிடையாது. கோல் கம்பத்தின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். அதை ஓர் ஆள் இரண்டு கையை வைத்துக்கொண்டு காக்க வேண்டும், முன்னால் பத்துப் பேர் செய்த தப்பு எல்லாம் கடைசியில் அவனிடம்தான் வந்து சேரும்.

என் கதை ஒன்று சொல்கிறேன், இதைக் கேட்டுவிட்டு உங்கள் எட்டு கோலை நினைத்துக்கொள்ளுங்கள். பல்லடம் பக்கம் ஒரு மைதானம், ஆடி மாதம். ஆடிக் காற்று என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, மேற்கே இருந்து ஒரே சீராகத் தள்ளும், சைக்கிளை நிறுத்தி வைத்தால் சாய்த்துவிடும், அங்கே காற்றாலைகளைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள். நான் கிழக்குக் கம்பத்தில் நிற்கிறேன், காற்று நேராக என் முகத்தில். கோல் கிக்கை, அதாவது எங்கள் கம்பத்துக்கு முன்னால் பந்தை வைத்து அடிக்கிற அடியை, உயரமாகத் தூக்கி அடித்தேன். பந்து பெனால்டி ஏரியாவைத் தாண்டிப் போனது, மேலே ஒரு கணம் நின்றது, அப்புறம் யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பி வந்தது. ஒருவர் காலிலும் படவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன், பந்து எனக்கு முன்னால் கம்பத்துக்குள் போய்விட்டது. எதிர் அணிக்காரர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதிக்கிறார்கள். ரெஃப்ரி விசில் அடித்து, கோல் இல்லை, கார்னர் என்று கை காட்டினார். அதுதான் விதி: கோல் கிக் யார் மேலும் படாமல் நேராகச் சொந்தக் கம்பத்துக்குள் போனால் அது கோல் ஆகாது, எதிர் அணிக்கு மைதான மூலையிலிருந்து அடிக்கிற கார்னர் கிக். எனக்கு அன்றுவரை அப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது. என் வாழ்க்கையில் சட்டப் புத்தகம் எனக்கு உதவிய ஒரே சமயம் அது.

அந்தக் கார்னரில் கோல் விழுந்தது. அன்று ஏழு.

நகைச்சுவை போதும், வேலைக்கு வருவோம். எட்டு கோலில் ஐந்து, உங்களுக்குப் பக்கத்திலேயே தரையோடு போனது என்று உங்கள் கேப்டன் எழுதியிருக்கிறார். அப்படியானால் கை தப்பு செய்யவில்லை, நின்ற இடம்தான் தப்பு. கோட்டு மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். பந்தை வைத்திருப்பவனுக்கும் இரண்டு கம்பத்துக்கும் நடுவே ஒரு முக்கோணம் போட்டுப் பாருங்கள். நீங்கள் முன்னால் வர வர அவனுக்குத் தெரிகிற இடம் குறையும். இதை மண்ணில் கயிறு கட்டிப் பழகலாம், ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கயிற்று முனை, இரண்டும் சேருகிற இடத்தில் பந்து, கயிறுகளுக்கு நடுவில் நீங்கள். பத்து நாளில் கால் தானாக நகரும்.

இன்னொன்று. பீட்டர் தங்கராஜ் என்று ஒருவர் இருந்தார். 1956 மெல்போர்ன், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் இருந்த கோலி. பட்டாளத்தில் சேர்ந்து, நமக்கு மேலே மலையில் வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்தில் ஆடியவர். ஆரம்பத்தில் அவர் சென்டர் ஃபார்வர்ட், பிறகுதான் கோலியானார். அதாவது கோல் போடுகிறவன் எங்கே அடிப்பான் என்று உள்ளே இருந்து தெரிந்தவர். நீங்களும் வாரத்தில் ஒரு நாள் பயிற்சியில் ஃபார்வர்டாக ஆடிப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் ஃபார்வர்டைக் கம்பத்தில் நிறுத்துங்கள். 'வாசல்' என்று கூப்பிடுவது அந்த வாரமே பாதி குறையும்.

கே: என்ர மகன் அந்த டீமில்தான் இருக்கிறான் சார். முட்டி எல்லாம் சிராய்ப்பு, கணுக்கால் வீங்கிப் போய் வர்றான். மூணு அரியர் வேற. ஜெயிச்சாலாவது பரவாயில்லை, தோத்துத் தோத்து வர்றதுக்கு எதுக்குங்க இந்த விளையாட்டு? நிறுத்தச் சொல்லிடட்டுமா?
- ஒரு அம்மா, காங்கேயம்

ப: அம்மா, மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள், நான் பிரித்துக்கொள்கிறேன்.

கணுக்கால்தான் அவசரம். வீங்கின இடத்தில் எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், முதல் இரண்டு நாள் கட்டாயம் வேண்டாம். துணியில் ஐஸ் கட்டி வைத்து, ஒரு தடவைக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் போகாமல் ஒத்தடம் கொடுத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். முட்டியில் 'டப்' என்று சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் பந்து மாதிரி வீங்கினால் அது ஜவ்வு சம்பந்தப்பட்டது, நேராக எலும்பு டாக்டர்தான். கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப் போய் இழுக்க வைத்து, ஒரு வருஷம் போன பிறகு வந்து அழுத பெற்றோர் எனக்குத் தெரியும்.

அரியருக்குக் கால்பந்து காரணமா என்பதை அவன் போனில் எத்தனை மணி நேரம் இருக்கிறான் என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டியவன் பத்தரைக்குப் படுத்தாக வேண்டும், அதனால் விளையாடுகிற பசங்களுக்கு நேரம் மிச்சம்தான் ஆகும் என்பது என் அனுபவம். ஆனால் அரியரோடு அடுத்த வருஷம் வந்தால் டீமில் இடம் இல்லை என்று அவனுடைய பி.டி.யையே சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் கேட்க மாட்டான், அவர் சொன்னால் கேட்பான். இது நமக்குள் இருக்கட்டும்.

'ஜெயிச்சாலாவது' என்றீர்களே, அதற்கு மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம். தோட்டத்தில் மூன்று வருஷம் மழை இல்லை என்றால் தென்னையை வெட்டிவிடுவோமா அம்மா?

கே: உலகத்திலேயே அதிகமாகத் தோற்ற கல்லூரி அணி எது சார்? நம்ம பசங்க ஒன்பது எல்லாம் ஒரு கணக்கா?
- பனியன் கம்பெனி சூப்பர்வைசர், திருப்பூர்

ப: கணக்கே இல்லை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ப்ரெய்ரி வியூ ஏ அண்ட் எம் என்று ஒரு பல்கலைக்கழகம். 1989-இல் தோற்க ஆரம்பித்து 1998 வரைக்கும் தொடர்ச்சியாக 80 ஆட்டம் தோற்றார்கள். அது அவர்கள் ஊர்க் கால்பந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது, நம்முடையது இல்லை. ஆனால் தோல்வி எங்கேயும் தோல்விதான். அங்கே இன்னொரு வேடிக்கை, ஆட்டத்தைவிட இடைவேளையில் அந்தக் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழுவைப் பார்க்கத்தான் கூட்டம் வருமாம். 1998 செப்டம்பரில் லாங்ஸ்டன் என்கிற அணியை 14-12 என்று ஜெயித்து அந்தத் தொடரை முடித்தார்கள்.

சிகாகோ பக்கத்தில் இருக்கிற நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 34 ஆட்டம் தோற்றது. ஒரு வழியாக ஜெயித்த அன்று மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் மிச்சிகன் ஏரியில் போட்டுவிட்டார்கள். அதே அணி 1995-இல் அவர்கள் வட்டாரப் பட்டத்தை வென்று, 1996 ஜனவரி முதல் தேதி ரோஸ் பவுல் என்கிற பெரிய ஆட்டத்துக்குப் போனது. போய்த் தோற்றது, அது வேறு விஷயம்.

நம் பசங்க ஜெயித்தால் கம்பத்தைப் பிடுங்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன். அடுத்த கம்பம் வாங்க நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்க மூன்று வருஷம் ஆகும்.

கே: பதினோரு பேரையும் பின்னாடி நிறுத்தி, ஆஃப்சைட் வலை போட்டு, ஒரு டிராவாவது எடுக்கலாமே?
- கால்பந்து ரசிகர், ஈரோடு

ப: பின்னால் நிற்கிறவர்கள் ஒன்றாக முன்னால் நகர்ந்து, எதிர் ஃபார்வர்டைத் தங்களுக்குப் பின்னால் மாட்ட வைப்பதுதான் ஆஃப்சைட் வலை. 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று தோற்கடித்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அன்று முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல் ஆஃப்சைடில் போனது. ஆனால் அங்கே கொடி பிடிப்பவர் உலகத் தரம், அதற்கு மேல் கேமரா வேறு. நம் கல்லூரி ஆட்டத்தில் லைன்ஸ்மேன் யார்? ரிசர்வில் உட்கார்ந்திருக்கிற பையன், செருப்புப் போட்டுக்கொண்டு, கொடிக்குப் பதில் துண்டு. நாலு பேக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள், அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான், கோல் விழும். வலை போட வேண்டாம். பேக் நாலு பேரும் ஒருவரை விட்டு ஒருவர் ரொம்ப விலகாமல் நின்றாலே போதும்.

அந்த அர்ஜென்டினாதான் அந்தக் கோப்பையையும் வாங்கியது என்பதைக் கேப்டன் தம்பி கவனிக்கவும்.

கே: தோற்ற அணிதானே டீ வாங்கித் தர வேண்டும்?
- பெருந்துறை

ப: எங்கள் காலத்தில் ஜெயித்தவன்தான் வாங்கித் தருவான். தோற்றவனுக்குத் தொண்டை ஏற்கனவே அடைத்திருக்கும்.

கே: கல்லூரி நிர்வாகத்தில் 'அடுத்த வருஷம் பாலக்காட்டிலிருந்து நல்ல பசங்களாகப் பதினோரு பேருக்கு ஃபீஸ் இல்லாமல் சீட் கொடுத்து இறக்கிவிடலாம்' என்கிறார்கள். உங்கள் கருத்து?
- ஒரு பி.டி., பெயரும் ஊரும் வேண்டாம்

ப: கேரள எல்லையில் வாளையாரைத் தாண்டினால் கதையே வேறு என்பது நமக்குத் தெரிந்ததுதான். அந்தப் பக்கம் அறுப்பு முடிந்த வயலில் ஏழு ஏழு பேராகச் செவன்ஸ் ஆடி வளர்ந்தவன், குறுகின இடத்தில் பந்தை வாங்கித் திரும்புகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள், மூன்று பேர் கூட. அவர்களைப் பார்த்து நம் பசங்க கற்றுக்கொள்வார்கள். பதினோரு பேரையும் இறக்கினால் கோப்பை வரும், அலமாரியில் வைத்துப் படம் எடுத்து அட்மிஷன் நோட்டீஸில் போடலாம், ஆனால் இந்த ஒன்பது தோல்வியைத் தாங்கின பசங்க வேலி ஓரம் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நான் உடன்பட மாட்டேன், உங்கள் நிர்வாகத்திடம் என் பெயரைச் சொல்லியே சொல்லலாம்.

கே: இந்திய அணியே தோற்றுக்கொண்டிருக்கும்போது கல்லூரி அணியைப் பற்றி என்ன பேச்சு?
- ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, சிங்காநல்லூர்

ப: ஐயா, உங்கள் கோபம் நியாயமான கோபம். ஆனால் ஒரு பழைய கணக்கைச் சொல்கிறேன். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக், இந்தியா யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. நம் ஆட்கள் பல பேர் வெறுங்காலோடு ஆடினார்கள், அங்கே குளிர் வேறு. அதே நாடு நாலு வருஷம் கழித்து மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து, அரையிறுதிக்குப் போய், நாலாவது இடம் பிடித்தது. நெவில் டிசூசா அந்த ஆஸ்திரேலிய ஆட்டத்தில் மூன்று கோல் போட்டார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம், இறுதியாட்டத்தில் தென் கொரியாவை 2-1. இத்தனைக்கும் பயிற்சியாளர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் என்கிற ஒரே ஆள், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 10-1 தோற்றபோதும் அவர்தான், தங்கம் வாங்கியபோதும் அவர்தான். தோற்ற கையோடு பயிற்சியாளரை மாற்றுகிற இந்தக் காலத்தில் அவர் ஒரு வருஷம் தாங்கியிருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துக்கு வாருங்கள். 2017-18 ஐ-லீக்கில், அதாவது இந்தியா முழுக்க உள்ள கிளப் அணிகள் ஆடுகிற லீக்கில், பத்து அணிகளில் எட்டாவதாக வந்தது சென்னை சிட்டி அணி. அடுத்த வருஷம் அதே அணி கோயமுத்தூரைச் சொந்த மைதானமாக வைத்துக்கொண்டு, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, சாம்பியன் ஆனது. 2019 மார்ச்சில் அந்தக் கடைசி ஆட்டத்தை நான் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் கோல் வாங்கிவிட்டு, பிறகு மூன்று போட்டு ஜெயித்தார்கள். பக்கத்தில் யாரோ ஒரு பெரியவர், முன்பின் தெரியாதவர், என் தோளைப் பிடித்து உலுக்கி 'ஜெயிச்சுட்டாங்க சாமி' என்றார். நீங்களாகக் கூட இருக்கலாம்.

கே: சார், ஆண்கள் டீம் தோத்ததுக்கு ஒரு பக்கம் எழுதறீங்க. எங்க பொண்ணுங்க டீமுக்குப் பதினோரு பேரே சேரலை. எங்களைப் பற்றி ஒரு வரியாவது?
- கல்லூரி மாணவி, உடுமலை

ப: அம்மிணி, நியாயமாகக் கேட்டீர்கள், தப்பு என்னுடையது. பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு மணிப்பூரைத் தோற்கடித்து 2018-இல் தேசியப் பட்டம் வாங்கியது, 2023-இல் ஹரியானாவைத் தோற்கடித்து மறுபடியும் வாங்கியது. மதுரை சேது எஃப்.சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே ஜெயித்தது. ஆண்கள் பக்கம் இப்படி ஒரு பட்டியல் போடச் சொன்னால் நான் கொஞ்சம் தேட வேண்டும்.

பதினோரு பேர் இல்லை என்று பெயர் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது விதி. ஏழுக்குக் கீழே போனால்தான் ஆட முடியாது. எட்டுப் பேரோடு போய் ஆடுங்கள், கோல் நிறைய விழும், விழட்டும். அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்த பெண்களில் மூன்று பேர் அடுத்த வாரம் பெயர் கொடுப்பார்கள். ஹேண்ட்பால், கபடி ஆடுகிறவர்களிடம் போய்க் கேளுங்கள், ஓடத் தெரிந்தவர்கள் அவர்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த தடவை முழுப் பக்கமும் உங்களுக்குத்தான்.

கே: அந்தக் காலேஜ் கிரவுண்டுக்கு எதுத்தாப்புல டீக்கடை வெச்சிருக்கிறேனுங்க. அந்த ஃபுட்பால் பசங்க டீ, பன், தேங்காய் பன் கணக்குல 640 ரூபாய் பாக்கி. சீசன் முடிஞ்சு போச்சு, தோத்துப் போய் இருக்கிறாங்க, கேக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது. கேக்கலாமாங்க?
- டீக்கடைக்காரர்

ப: அண்ணா, தாராளமாகக் கேளுங்கள். திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் பயிற்சி முடித்துவிட்டு உங்கள் கடைக்குத்தான் வருவார்கள், கேப்டன் பையன் கையில் ஒரு நோட்டு வைத்திருப்பான், அவனிடம் கேளுங்கள், கணக்கு அவனிடம் சரியாக இருக்கும். இனிமேல் வர்க்கி கேட்டால் கொடுக்காதீர்கள், வாழைப்பழம் கொடுங்கள். திங்கட்கிழமை அவர்கள் வரவில்லை என்றால் மட்டும் எனக்கு ஒரு போன் போடுங்கள், 640 ரூபாயை நான் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, அவர்களைத் தேடிக்கொண்டு போகிறேன்.